முழங்காலுக்கு ஐஸா, ஜெல் பேக்கா?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பிசியோ சொல்லி அனுப்பியது: பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் குளிர் ஒத்தடம், நாளைக்கு நான்கு தடவை. எதை வைத்துக் கொடுப்பது என்று கேட்க மறந்துவிட்டேன். மருந்துக்கடையில் ஒரு நீல ஜெல் பேக் வாங்கினேன். பத்து நாளில் அதை ஓரங்கட்டிவிட்டு ஐஸுக்கு மாறிவிட்டோம்.

ஜெல் பேக்கின் வசதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒழுகாது, வளையும், எப்போதும் ஃப்ரீசரில் தயாராக இருக்கும்.

சிக்கல் குளிரின் அளவில்தான். வீட்டு ஃப்ரீசர் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி. ஜெல் கட்டியாக உறையாததால் அந்தக் குளிரோடு நேராகத் தோலில் உட்கார்கிறது. முதல் இரண்டு நிமிடத்திலேயே அம்மா "எரியுதுடா" என்பார். பத்து நிமிடம் போனால் பேக் சப்பென்று ஆகிவிடும். ஐஸ் அப்படியில்லை. ஒரு கிராம் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகித் தீரும்வரை 0 டிகிரியை விட்டு நகராது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலில் உணர்ச்சி கொஞ்சம் மட்டு. எரிவதே தெரியாமல் தோல் புண்ணாகிவிட்டால்? எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

செய்முறை எளிது. பூரிக்கட்டையால் ஐஸை நொறுக்கி, ஜிப் கவரில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடினால் முழங்காலில் அழகாகப் படியும். தையல் நனையக் கூடாது என்பதால் கவருக்கு மேல் இன்னொரு கவர், அடியில் பழைய வேட்டித் துண்டு. இறுக்கிக் கட்டவே கூடாது. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது.

குளிர்நீர் சுற்றும் மெஷினை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் பார்த்தேன். சுகமாக இருந்தது என்றார் அம்மா. ஆனால் அதற்கும் ஐஸ் நாம்தான் போட வேண்டும், வாடகை வேறு.

அப்புறம் ஒன்று. அடிபட்டால் ஐஸ் வை என்ற விதியை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் எழுதினார். எங்களுக்கு வேண்டியிருந்தது வலி குறைவது. அடுத்த வேளை காலை மடக்க அது உதவியது. வீக்கத்தை எவ்வளவு குறைத்தது என்று ஒரு காலை மட்டும் வைத்து நான் சொல்லிவிட முடியாது.

ஜெல் பேக்கைத் தூக்கிப் போடவில்லை. மறுபரிசோதனைக்குக் காரில் போகும்போது அதுதான் கூட வந்தது, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி. ஐஸ் கவர் அதற்கு முந்தைய தடவை சீட்டையெல்லாம் நனைத்திருந்தது.