ஓசியில் ஹாப்ஸ், லாக், ரூசோ: யேல் வகுப்பு எப்படி?

அரசியல் தத்துவத்தை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் ஸ்டீவன் ஸ்மித்தின் வகுப்பைப் பார்த்து முடித்தேன். 2006இல் வகுப்பறையிலேயே படம்பிடித்த 24 வகுப்புகள். காசு கிடையாது, சான்றிதழும் கிடையாது. வீடியோ வேண்டாம் என்றால் ஆடியோ இருக்கிறது, பேசியதை அப்படியே எழுத்தாகவும் போட்டிருக்கிறார்கள்.

சாக்ரடீஸில் தொடங்கி, 'அமெரிக்காவில் ஜனநாயகம்' எழுதிய பிரெஞ்சுக்காரர் டோக்வில் வரை போகிறது. நேரமில்லாதவர்கள் நேராக 12க்குப் போய்விடலாம். அங்கிருந்து 20 வரை ஹாப்ஸ், லாக், ரூசோ, ஆளுக்கு மூன்று வகுப்பு. மனிதன் இயல்பில் எப்படிப்பட்டவன், அவனுக்கு எதற்கு அரசாங்கம், அரசாங்கம் வருவதற்கு முன்பே அவனுக்கு இருந்த உரிமை எது என்ற அதே கேள்விகளை மூன்று பேரிடமும் கேட்கலாம் என்பதால், ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகும்போது போன வாரம் தலையாட்டியதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

எனக்கு அதிகம் பிடித்தது ஹாப்ஸ். சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ராஜாவின் தலையையே வெட்டிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் காலத்து ஆள், 'லெவியதான்' வந்தது 1651இல். அதன் 13ஆம் அத்தியாயத்தைக் கேட்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள், சின்னதுதான். தூங்கப்போகும்போது கதவைப் பூட்டுகிறாய், சட்டமும் காவலும் இருப்பது தெரிந்தும் வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அப்படியானால் கூட இருப்பவர்களைப் பற்றி உன் அபிப்பிராயம்தான் என்ன என்று கேட்கிறார். வெளியே கிளம்பும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் இன்னொன்று: எல்லா அதிகாரத்தையும் ஆட்சியாளரிடம் கொடுத்துவிடு என்று சொல்லும் இதே மனிதர், மரண தண்டனை நியாயமாகவே விதிக்கப்பட்டிருந்தாலும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடும் உரிமையை யாராலும் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்கிறார். இவ்வளவு பெரிய அரசில் அவ்வளவு பெரிய ஓட்டை!

லாக் கேட்பதற்குச் சுகமானவர். அரசு இல்லாத இடத்திலும் பகுத்தறிவு உண்டு, இல்லாதது பொதுவான நீதிபதிதான், அதற்குத்தான் அரசாங்கம். உயிர், சுதந்திரம், சொத்து மூன்றையும் காக்கத் தவறினால் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சரிதானே என்று தோன்றும். ஆனால் அரசாங்கம் பற்றி அவர் எழுதிய 'இரண்டாம் ஆய்வுரை'யின் 5ஆம் அத்தியாயத்தைக் கையோடு வைத்துக்கொண்டு கேளுங்கள். மரத்தடியில் பழம் பொறுக்கியவனுக்கே அந்தப் பழம், ஏனென்றால் அவன் உழைப்பு அதில் கலந்துவிட்டது என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், சில வரிகள் தள்ளி, என் வேலைக்காரன் வெட்டியதும் என் சொத்து என்கிறார். உழைத்தவன் எங்கே போனான்? அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வரியைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

ரூசோ வந்து இந்த இரண்டு பேரையும் ஒரே போடாகப் போடுகிறார்: நீங்கள் காட்டியது இயற்கை மனிதன் இல்லை, உங்கள் ஊர்க்காரனைத்தான் காட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். அவருடைய இயற்கை மனிதனுக்குத் தன் உயிர்மேல் ஆசையும் அடுத்த உயிர் படும் வேதனையில் இரக்கமும் உண்டு, முதல் வேலி போட்டு இது என்னுடையது என்று ஒருவன் சொன்னதும், அதை மற்றவர்கள் நம்பியதும்தான் வினை. இதைச் சொல்லும், 1755இல் வெளிவந்த ஏற்றத்தாழ்வு பற்றிய நூலுக்கு இரண்டு வகுப்பு, சரி. 1762இல் வந்த 'சமூக ஒப்பந்தம்' நூலுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் முதல் இரண்டு பாகங்களோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொருவரும் தன்னை முழுதாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் யாருக்கும் அடிமை இல்லை என்பது கணக்குப்படி சரியாகத்தான் வருகிறது, ஆனால் பொதுவிருப்பத்துக்கு, அதாவது எல்லோருடைய பொது நன்மையை நாடும் விருப்பத்துக்கு, கட்டுப்பட மறுப்பவனைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று அதே முதல் பாகத்திலேயே சொல்கிறாரே, அதற்கு மட்டுமே ஒரு வகுப்பு வேண்டும். டோக்வில்லுக்குக் கொடுத்த மூன்றில் ஒன்றை இங்கே தள்ளியிருக்கலாம்.

ஐந்துக்கு நான்கரை. அந்த அரையைக் குறைத்தது ரூசோவுக்காக. 20ஆம் வகுப்பை மட்டும் நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டாவது தடவை புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு.