கொலைகாரனை ஒளிக்கும் படமா, காட்டிவிடும் படமா?

தமிழ்த் திரில்லரில் எனக்குத் தெரிந்து ரெண்டு பாதை. செய்தது யாரென்று கடைசி ரீல் வரை மறைப்பது ஒன்று, ஆளை முன்னாலேயே காட்டிவிட்டு எப்போ மாட்டுவான் என்று தவிக்க விடுவது இன்னொன்று. என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான்.

மறைக்கிற வகையில் இன்றைக்கும் தலைநிமிர்ந்து நிற்பது 1954-இல் ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்'. இயக்கிய எஸ்.பாலசந்தர் வீணை மேதை, ஆனால் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை, அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1943-இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம், ரேடியோ இன்ஜினியர் சிவாஜி வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார், சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விடை தெரிந்த பிறகும் திரும்பப் பார்க்க முடிகிறது, ஏனென்றால் ஏன் சுட்டார்கள் என்பதில்தான் படத்தின் கனம் இருக்கிறது. பின்னால் வந்த பல படங்கள் ஒளிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த 'ஏன்' என்பதை விட்டுவிட்டன. காலைக் காட்சி பார்த்தவன் வண்ணாரப்பேட்டை டீக்கடையில் கிளைமாக்ஸைச் சொல்லிவிட்டால், மாலைக் காட்சிக்குப் போகிறவனுக்கு மிச்சம் என்ன?

'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கு அந்தப் பயமே கிடையாது. கிராமத்துக் கதைகளோடு வந்த பாரதிராஜா 1978-இல் எடுத்தது. கமல்தான் கொலைகாரன் என்று நமக்குத் தெரியும், அவரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பங்களாவுக்குள் வரும் ஸ்ரீதேவிக்குத் தெரியாது, அவ்வளவுதான், இனி அவர் எந்தக் கதவில் கை வைத்தாலும் நமக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் பக்கத்துக் கூட்டம் திரையோடு பேசுகிற கூட்டம். "வேணாம்மா, உள்ள போகாத" என்று கத்த வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனால் ஒன்று, அவன் கொலைகாரன் ஆனதற்கான பழியைப் பெண்கள் தலையில் கட்டுவது இன்றைக்கு ரொம்பவே உறுத்துகிறது.

அப்புறம் புதியவை. 2016-இல் வந்த 'துருவங்கள் பதினாறு' மறைக்கிற கட்சி, கடைசித் திருப்பம் அபாரம், வீட்டில் தனியாக உட்கார்ந்து துப்புகளைக் கோக்க ஏற்ற படம். 2018-இன் 'ராட்சசன்' ரெண்டையும் கலந்தது: முதலில் யாரோ என்று அலைய விட்டு, தப்பான ஆள் மேல் சந்தேகப்பட வைத்து, பிறகு முகத்தைக் காட்டிவிட்டுத் துரத்துகிறது. முகம் தெரிந்த பிறகு பயம் குறையவே இல்லை, கூடித்தான் போகிறது. இதில் எதையாவது ராயபுரம் ஐட்ரீம் தியேட்டரில் ரீ-ரிலீஸ் செய்வதென்றால் நான் 'சிகப்பு ரோஜாக்கள்' தான் கேட்பேன், அதுவும் இரவுக் காட்சி.