எங்கள் ஈகோவுக்கு மூன்றாவது போர்வை

மாருதி ஈகோ வேனுக்குள் கட்டில், ஒற்றை அடுப்பு, சின்னத் தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, நானும் வீட்டுக்காரம்மாவும் படுக்கிற மாதிரி செய்துகொண்டோம். ஏலகிரி, ஜமுனாமரத்தூர் என்று மாதத்தில் நாலு நாள் ஓடும். மிச்ச நாள் காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், வேப்பமரத்தடியில் நிற்கும். மனை நம்முடையது இல்லை, ஷெட் போட முடியாது. அதனால்தான் இந்தக் கவர் கதை.

முதல் கவரை ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஈகோவுக்கு’ என்று போட்டிருந்ததை நம்பினது என் தப்பு. கம்பெனியிலிருந்து வருகிற ஈகோவின் உயரம் 1,825 மில்லிமீட்டர், அதாவது ஆறடி. என் வண்டியில் கேரியர், அதன்மேல் சோலார் பேனல், எல்லாம் சேர்த்து ஏழடி. மேலே ஓரடி விழுங்கிவிட்டதால் கவர் அரை டிராயர் மாதிரி சக்கரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. பேனல் மூலை குத்தின இடம் ஒரே வாரத்தில் கிழிந்தது. மரமில்லாத மலை என்று எங்கள் வேலூரைக் கேலி பண்ணுவார்களே, அந்த மலை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி எங்கள் மேலேதான் கக்கும். கத்திரி முடிவதற்குள் கவரின் மேல்பக்கத்தைத் தொட்டால் வெள்ளிப் பூச்சு விபூதி மாதிரி கையில் ஒட்டியது. விற்றவர்கள் ‘வெயில் சேதத்துக்கு வாரண்டி இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வெயிலுக்கு இல்லாமல் வேறெதற்கு ஐயா கவர்?

அடுத்து நீல பிளாஸ்டிக் தார்ப்பாய். சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, அது உண்மை. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் கதவைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாடை. மெத்தையின் அடிப்பக்கம் பச்சையும் கறுப்புமாய்ப் பூஞ்சை. முப்பது வருஷம் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். வெட் ப்ளூ, அதாவது பாதி பதனிட்ட ஈரத் தோல், காயக் கூடாது என்று பாலித்தீன் போட்டு மூடி வைப்போம், அப்போதும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தனியாக மருந்து போட வேண்டும். அதே பாலித்தீன் வேலையை, மருந்து இல்லாமல், என் மெத்தைக்கே செய்து வைத்திருக்கிறேன்! தரையிலிருந்து கிளம்புகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேர்த்துக் கொட்டியிருக்கிறது. போதாக்குறைக்குக் காற்றில் படபடத்து, மண்ணோடு உரசி, கதவோரப் பெயிண்டில் வேறு கோடு.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. பழைய பைபாஸ் சாலைப் பக்கம் லாரிப் படுதா தைக்கிற ஒரு சின்னக் கடை, போர்டுகூட இல்லை. கடைக்கார பாய் வண்டியைச் சுற்றி வந்து டேப் பிடித்தார். மெழுகு போட்ட காட்டன் கித்தான், துணியும் கூலியும் சேர்த்து 6,800 ரூபாய். “தரை வரைக்கும் இறக்காதீங்க சார், ஒரு அடி விட்டாத்தான் காத்து ஓடும்” என்றார். கேரியர் நடுவில் நீளவாக்கில் ஒரு பிவிசி பைப்பைக் கட்டச் சொன்னதும் அவர்தான். கூரை முகடு மாதிரி நிற்கிறது, தண்ணீர் தேங்காமல் இரண்டு பக்கமும் வழிகிறது. பேனல் மூலை நாலுக்கும் உள்ளே இரட்டைத் துணி. கட்டுவதற்கு வண்டிக்கு அடியில் குறுக்காகப் போகிற நாடா, காற்றுக்குப் படபடப்பதே இல்லை.

முதல் மழையில் தையலோரம் கசிந்தது. போன் பண்ணினால், “நூல் ஊறி உப்பினா ஓட்டை அடைஞ்சிடும், ரெண்டு மழை பொறுங்க” என்றார். சரியாகத்தான் போயிற்று. ஒரு கத்திரியும் ஒரு கார்த்திகையும் தாண்டியாயிற்று, மெத்தையில் வாடை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. காய்ந்திருக்கும்போதே பன்னிரண்டு கிலோ. நனைந்தால் என் ஒருவனால் இழுக்க முடியாது, அவள் ஒரு முனை பிடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் கித்தானே பூஞ்சை பிடிக்கும், அதனால் மழைக்கு மறுநாள் ஊருக்குக் கிளம்புவது என்ற பேச்சே இல்லை. அப்புறம், மூடிவிட்டால் சோலார் சார்ஜ் ஏறாது. இதை யோசிக்காமல் ஒரு பேட்டரியைச் சாகடித்தேன். இப்போது மூடுவதற்கு முன்னால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுகிறேன்.

தைக்கக் கொடுப்பவர்கள் வண்டியையே ஓட்டிக்கொண்டு போங்கள். அளவைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனால் பாய் அதைப் பார்க்கக்கூட மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும்.