சால்டரிங் அயர்ன் சுட்டுவிட்டதா? தண்ணீர், ஐஸ், பேஸ்ட், களிம்பு: எது முதலில்?

எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட் செய்யும் மாணவர்களில் விரலைச் சுட்டுக்கொள்ளாதவர் குறைவு. ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சால்டரிங் அயர்னின் முனை 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கை உருக்கி விடும் நாசில் 200 டிகிரியைத் தொடும். கை பட்டதும் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: ஐஸ் வை, டூத்பேஸ்ட் தடவு, ஆயின்ட்மென்ட் எடு. என் தேர்வு ஓடும் தண்ணீர்தான், அதுவும் முழுசாக 20 நிமிடம்.

அயர்னிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலில் ஏறிய சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுப்பது தண்ணீர் ஒன்றுதான். உடனே தண்ணீரில் காட்ட முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. சிக்கல் அந்த 20 நிமிடம்தான். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் பாதியில் விட்ட போர்டுக்குத் திரும்பத்தான் மனசு போகும். குழாயடியில் ஒரு ஸ்டூல் போட்டு, போனில் டைமர் வைத்து உட்கார வையுங்கள்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊர் வெயில். மே மாத மதியத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரே கொதிக்கும். அப்போது குடிதண்ணீர் கேனிலிருந்து மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றலாம், அல்லது வாளியில் கையை முக்கி, தண்ணீர் சூடேறினால் மாற்றலாம். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வாட்ச், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

ஐஸ், தண்ணீரைவிட வேகமாக மரத்துப்போகச் செய்யும். அதனால்தான் அதன் மேல் இவ்வளவு நம்பிக்கை. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட தோலில் அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கிவிடலாம்.

பேஸ்ட்டில் தெரியும் குளிர்ச்சி புதினாவின் உணர்வு மட்டுமே, சூடு குறைவதில்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டால், டாக்டர் காயத்தைப் பார்க்க அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மஞ்சள், பேனா மை, இட்லி மாவு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

களிம்பை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் முறை பிறகு வரும். சூடு ஆறாத தோலில் பூசினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நன்றாக ஆறியபின், லேசாகச் சிவந்த இடத்தில் வாசலின் போதும். கொப்புளம் வந்திருந்தால் எதையும் பூசாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. சூட்டுக் காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் கிரீம் காயத்தின் மேல் வெள்ளைப் படலம் போல் படிந்து, ஆழத்தைக் கணிக்க விடாது.

மூடுவதற்குப் பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய கட்டுத்துணி) நல்லது. சமையலறை கிளிங் ஃபிலிம் இருந்தால் இன்னும் நல்லது: முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த துண்டைக் காயத்தின் மேல் விரித்து வையுங்கள். கையைச் சுற்றி இறுக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

குளூ கன் சூடு கொஞ்சம் வேறு. உருகிய பசை தோலில் ஒட்டி, விடாமல் சுட்டுக்கொண்டிருக்கும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பசையோடு சேர்த்தே தண்ணீரில் காட்டுங்கள். ஆறியபின்னும் வரவில்லை என்றால் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம்.

அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகத்திலோ மூட்டிலோ பட்ட சூடு, வெளுத்தோ கருகியோ வலியே தெரியாத தோல் என்றால், தண்ணீரில் ஆற்றியபின் நேராக மருத்துவமனைதான். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் சொல்லுங்கள்.

மின்சாரம் பட்ட காயத்துக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சேதம் ஆழமாக இருக்கலாம். ஆளைத் தொடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.