கலைஞர் காப்பீட்டு அட்டைக்கு ஆன்லைனில் காசு கேட்டால் கட்டாதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஒரு பைசா கட்டணம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு கீழே படியுங்கள். 'அப்ளிகேஷன் ஃபீஸ்', 'ஸ்லாட் புக்கிங்', 'கார்டு பிரிண்டிங் சார்ஜ்' என்று என்ன பெயர் சொல்லி வாங்கினாலும் அது வாங்குகிறவர் பைக்குத்தான் போகிறது. என் மாமா வீட்டில் அப்படி ஏதேதோ பெயர் சொல்லி மூன்று தடவை வாங்கிவிட்டார்கள்.

மாமா லாரி செட் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். நெஞ்சு பிடிக்கிறது என்று போனவருக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் மாத்திரையில் தள்ளலாம், அதற்குள் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். திட்டத்தின் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைதான் அது. மாமா மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்கவில்லை. ராத்திரி போனில் 'கலைஞர் காப்பீடு அட்டை விண்ணப்பம்' என்று தேடியிருக்கிறான். திட்டத்துக்கு 2012-லேயே பெயர் மாறிவிட்டது. ஆனால் 2009-ல் ஆரம்பித்தபோது இருந்த பெயரைத்தான் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், தேடுவதும் அப்படித்தான். இதைப் பிடிக்கத் தெரிந்தவன் பழைய பெயரிலேயே இணையதளம் போட்டு, தேடலில் முதலாவதாக வரும்படி விளம்பரத்துக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறான்.

அந்தத் தளத்தை நானும் அப்புறம் திறந்து பார்த்தேன். மேலே கோபுரச் சின்னம். பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு டாக்டர், ஒரு பாட்டி. 'ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை' என்ற வரி. அது உண்மைதான், திட்டம் அவ்வளவு தருகிறது. நடுவில் ஒரு படிவம்: பெயர், ரேஷன் அட்டை எண், ஆதார் எண், போன் நம்பர். 'விண்ணப்பிக்க' என்று பச்சைப் பட்டன். பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போனால், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கும் அளவில் ஒரு வாக்கியம்: 'இது தனியார் ஆலோசனைச் சேவை. எந்த அரசுத் துறையுடனும் தொடர்பில்லை.' அந்த ஒரு வரியை வைத்துத்தான் நாளைக்கு யார் கேட்டாலும் தப்பித்துக்கொள்வார்கள். படிவத்தை நிரப்ப வருகிறவன் அங்கே வரை உருட்டிப் போக மாட்டான் என்று தெரிந்துதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

படிவம் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்துவிட்டது. "சார், சென்னை ஆபீஸ்ல இருந்து பேசறோம். பேஷண்ட் அப்பாவா சார்? கவலையே படாதீங்க" என்று ஆரம்பித்து, ஸ்லாட் புக்கிங்குக்கு 499 ரூபாய் யுபிஐ-யில் போடச் சொன்னார்கள். மறுநாள், வருமானச் சான்றிதழையும் நாங்களே எடுத்துத் தருகிறோம், 700 ரூபாய் என்றார்கள். அதற்கடுத்த நாள், அவசர கேஸ் என்பதால் எக்ஸ்பிரஸில் போட்டால்தான் வாரத்துக்குள் வரும், 1,850 ரூபாய் என்றார்கள். ஒரே நாளில் மொத்தத் தொகையைச் சொல்லியிருந்தால் அவன் யோசித்திருப்பான். இதில்தான் சாமர்த்தியம். நடுவில் ஓடிபி வேறு. "சார், ஆதார்ல இருந்து ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, வெரிஃபிகேஷன்" என்று கேட்டு, மாமா போனுக்கு வந்ததை வாங்கிவிட்டார்கள்.

சொன்னபடி வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. பார்க்கக் குறை சொல்ல முடியாது. மாமா போட்டோ, அத்தை பெயர், யுஆர்என் என்று ஒரு பதிவு எண், ஓரத்தில் க்யூஆர் கட்டம். பக்கத்துக் கடையில் லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டார் மாமா. கூடவே வந்த வருமானச் சான்றிதழில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆண்டு வருமானம் சரியாக 72,000 என்று போட்டிருந்தது. அது இந்தத் திட்டத்தின் பழைய வரம்பு. இப்போது 1,20,000 வரை தகுதி உண்டு. எப்போதோ செய்து வைத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இ-சேவை தளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டுச் சரிபார்க்க வசதி இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சான்றிதழே இல்லை. அடுத்த நாள் காலையில் அட்மிஷன்.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வேறு மாவட்டத்தில் ஒரு குடும்பம். முன்னே பின்னே பார்த்திராத ஒரு அம்மா, பின்னணியில் நீலத் துணி கட்டி எடுத்த போட்டோவில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இது உங்க நம்பர் இல்லண்ணே. யாரோ ஒருத்தங்களோடத எடுத்து ஒட்டியிருக்காங்க. இந்த மாதிரி நிறைய வருது" என்றார் அந்தப் பெண், சலிப்பே இல்லாமல். மாமா ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து "மாப்ள, வீட்டுக்குப் போயிரலாமா" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்ணே அடுத்து கேட்டதுதான் விஷயம்: "ரேஷன் கார்டு இருக்கா?" எண்ணைப் போட்டுத் தேடினார். மாமா குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது! எப்போதோ ஊரில் முகாம் போட்டபோது அத்தை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அட்டை எங்கேயோ தொலைந்துபோய், அப்படி ஒன்று இருந்ததையே வீட்டில் மறந்துவிட்டார்கள். சொந்த எண் அரசு கம்ப்யூட்டரில் சும்மா கிடக்க, யாரோ ஒரு அம்மாவின் எண்ணை மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஆகவே யாருக்காவது தேவைப்பட்டால், புதிதாக விண்ணப்பிக்கும் முன் பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள எந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரிலும் ரேஷன் அட்டை எண்ணை வைத்துத் தேடித் தரச் சொல்லுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அட்டை கையில் இல்லாவிட்டாலும் பதிவு இருந்தால் போதும். அட்டையைத் தொலைத்தவர்கள்தான் இந்த ஆட்களின் முக்கிய வாடிக்கையாளர்கள் என்று நினைக்கிறேன்.

பதிவே இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கே காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் இருக்கும். ரேஷன் அட்டை, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்றிதழ், இவ்வளவுதான். அங்கேயே போட்டோ எடுத்து, கைரேகை வாங்கிப் பதிவார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆளை நேரில் உட்காரவைத்துப் போட்டோவும் கைரேகையும் எடுத்துச் சேர்க்கிற திட்டத்தில், ஓசூரில் இருக்கிறவனிடம் போனில் பேசியே ஒருவன் எப்படி அட்டை போட்டுத் தர முடியும்? எக்ஸ்பிரஸ் என்றாலும் முடியாது, சென்னை ஆபீஸ் என்றாலும் முடியாது.

வருமானச் சான்றிதழுக்கு மட்டும் ஆன்லைன் உண்டு. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விஏஓ, ஆர்ஐ பார்த்து, தாசில்தார் அலுவலகத்தில் ஒப்புதலாகி வரும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இ-சேவை தளத்தில் தாங்களே பதிந்து விண்ணப்பிக்கலாம். சில தனியார் பிரவுசிங் சென்டர்களில் இதற்கே 300, 500 என்று கேட்கிறார்கள். டைப் அடித்துக் கொடுத்த கூலி என்று கொஞ்சம் கூடக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ரசீதில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அரசுத் தளத்தைக் கண்டுபிடிக்க எல்லோரும் ஒரே ஆலோசனை சொல்வார்கள்: முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா பார். நல்ல ஆலோசனைதான். இ-சேவைக்கும், மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்துக்கும், ஆதாருக்கும் அது பொருந்துகிறது. ஆனால் இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் அதிகாரபூர்வ தளமே 'சிஎம்சிஎச்ஐஎஸ்டிஎன் டாட் காம்' (cmchistn.com) என்றுதான் இருக்கிறது! லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் தேடுகிற தளத்துக்கு டாட் காம் வைத்த புண்ணியவான் யாரோ. போலித் தளக்காரனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும். எனவே தேடல் பெட்டியை நம்ப வேண்டாம். முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள், 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாகப் போட்டிருக்கும் முடிவுகளைத் தாண்டிப் போங்கள். ஆயுஷ்மான் பாரத் பற்றிச் சந்தேகம் என்றால் 14555. அதிலும் அட்டைக்குக் கட்டணம் கிடையாது.

பணத்தைவிட எனக்குக் கவலையாக இருந்தது அந்த ஓடிபி. ஆதார் எண்ணும் ஓடிபியும் சேர்ந்து கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் கேஒய்சி, அதாவது நீங்கள்தான் என்று காட்டும் அடையாளச் சரிபார்ப்பை, செய்துவிட முடியும். ஆதார் தளத்தில் மாமாவின் கணக்குக்குள் போய் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' என்ற பகுதியைப் பார்த்தோம். கடந்த ஆறு மாதத்தில் எங்கெங்கே ஆதார் சரிபார்க்கப்பட்டது என்று தேதி, நேரத்தோடு அதில் வரும். அந்த எக்ஸ்பிரஸ் நாளில் ஓடிபி வழியாக ஒரு பதிவு இருந்தது. கேட்ட நிறுவனத்தின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. உடனே பயோமெட்ரிக்கை லாக் செய்தோம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அப்புறம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் மாமா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம், நல்லவேளை இரண்டும் அவருடையதுதான். ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இந்த இரண்டையும் அன்றைக்கே பாருங்கள். ஆதார் உதவி எண் 1947. இனி யாருக்காவது ஆதார் நகல் கொடுப்பதாக இருந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இறக்கிக் கொடுங்கள். பல இடங்களில் அது போதும்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தோம், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தோம். யுபிஐ பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய நம்பர், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேட்டார்கள். புகார் எண் வந்தது. பணம் வரவில்லை. போன உடனேயே, சில மணி நேரத்துக்குள் 1930-ல் சொன்னால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் சொல்லும்போது முதல் 499 கட்டி வாரம் ஆகியிருந்தது. ஸ்டேஷனில் ஒருவர், "மூவாயிரம்தானே, விடுங்க சார்" என்றார். மூவாயிரத்துக்கு யாரும் அலைய மாட்டார்கள் என்ற கணக்கில்தான் அவர்கள் அந்தத் தொகையை வைக்கிறார்கள். அதனால் தொகை சின்னது என்று விடாமல் புகாரைப் பதிந்துவிடுங்கள்.

இதே ஆட்களோ இவர்கள் மாதிரி ஆட்களோ வேறு திட்டங்களின் பெயரிலும் வருகிறார்கள். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிட்டது, ஓடிபி சொன்னால் மறுபடி வரும் என்று என் சித்திக்கு ஒரு போன். பிஎம் கிசான் பணம் பார்க்க இந்த ஆப்பை இறக்குங்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏபிகே ஃபைல். அதை யாரோ நல்லெண்ணத்தில் ஃபார்வர்டு செய்திருந்தார். ஏபிகே என்று முடியும் எதையும் தொடாதீர்கள். குறுஞ்செய்திகளை எல்லாம் படித்து வங்கி ஓடிபியை அப்படியே அனுப்பிவிடும். அரசு அலுவலகம் எதுவும் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பாது.

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அந்த கவுண்டர் பெண் ஆஞ்சியோ அறிக்கையை ஏற்றி முன் அனுமதி வாங்கினார், எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் அனுமதி வந்த சிகிச்சைக்கு 'காப்பீடு போக மீதி கட்டுங்க' என்று யாராவது சொன்னால் அதையும் மேலே சொன்ன 1800 எண்ணிலேயே புகார் செய்யலாம். போலித் தளம் கொஞ்ச நாள் திறக்கவில்லை. நேற்று பார்த்தேன், பெயரில் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி வந்திருக்கிறது. அதே பாட்டி, அதே டாக்டர். கீழே இருந்த சாம்பல் வரி மட்டும் இன்னும் சின்னதாகியிருக்கிறது, ஸ்லாட் புக்கிங் 599 ஆகிவிட்டது.