அறுவைக்கு முன் உறைதடுப்பு மருந்து ஆலோசனை: நிறுத்துவதில் தேர்ந்த ஒரு பிரிவு

இதயத்தின் மிட்ரல் வால்வு பழுதாகி, 12 ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் என் அம்மா. அவருக்கு இதயத் துடிப்பும் சீராக இருப்பதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு. அன்று முதல் வால்வில் ரத்தம் கட்டியாகாமல் தடுக்க இரவு உணவுக்குப் பின் வார்ஃபாரின் மாத்திரையும், இடையிடையே ஐ.என்.ஆர். பரிசோதனையுமாக (ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது; எண் கூடினால் தாமதம் கூடுதல்) வாழ்ந்து பழகியவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவை செய்ய வேண்டியிருந்தது. அறுவை மருத்துவர் ‘5 நாள் முன் வார்ஃபாரினை நிறுத்தவும்’ என்று எழுதினார். இதய மருத்துவரோ ‘வால்வு இருக்கிறது, கவனம்’ என்று மட்டும் எழுதினார். இரண்டும் சரிதான் என்றாலும், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்த இரவில் மாத்திரையை விடுவது என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. அப்போதுதான் அதே மருத்துவமனையில் இயங்கும் உறைதடுப்பு மருந்து ஆலோசனைப் பிரிவுக்கு எங்களை அனுப்பினார்கள். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், ஒரு செவிலியர் ஆகிய மூவரைக் கொண்ட சிறிய பிரிவு அது. நாள் குறிப்பதற்கு முன், மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அவர்கள் முதலில் எழுப்பியது எனக்குப் பிடித்திருந்தது. கண்புரை அறுவை, ஓரிரு பல் பிடுங்குதல், தோலில் செய்யும் சிறு அறுவை போன்றவற்றுக்கு வார்ஃபாரினை நிறுத்தாமலே, ஐ.என்.ஆர். உரிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்துவிடலாம் என்று மருந்தாளுநர் விளக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் பல் பிடுங்குவதற்காக வேறோர் இடத்தில் அம்மாவின் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னதும், நாங்களும் மறுபேச்சின்றி நிறுத்தியதும் நினைவுக்கு வந்தபோது அடிவயிறு கலங்கியது. பித்தப்பை அறுவைக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தப் பிரிவின் ஆகச் சிறந்த விளைபொருள் ஒரே ஒரு தாள். ‘5 நாள் முன்’ என்பதை ஆளுக்கொரு விதமாக எண்ணுவார்கள். அறுவை நாளையும் சேர்ப்பதா, கடைசி மாத்திரை ஐந்தாம் நாளிலா ஆறாம் நாளிலா என்று எங்கள் வீட்டிலேயே மூன்று கணக்குகள் ஓடின. தாளில் அந்தச் சொற்றொடரே இல்லை. அறுவை வியாழக்கிழமை என்றால், கடைசி வார்ஃபாரின் அதற்கு முந்தைய வெள்ளி இரவு. சனி முதல் புதன் வரை ஐந்து இரவுகள் மாத்திரை இல்லை. வார்ஃபாரின் இல்லாத இடைவெளியில் ரத்தக் கட்டியைத் தடுக்க, திங்கள் காலை முதல் ஈனாக்சபாரின் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கடைசி ஊசி புதன் காலை, அதாவது அறுவைக்கு 24 மணி நேரம் முன். புதன் பகலில் ஐ.என்.ஆர். என்று கிழமையும் தேதியும் நேரமும் போட்டு எழுதியிருந்தார்கள். அதன் நகலை அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலையும் வேலை எங்களுக்கு வரவில்லை.

ஊசியின் அளவைப் பழைய கோப்பில் இருந்த எடையை வைத்துக் கணக்கிடாமல், அம்மாவை மறுபடி எடை பார்த்தார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் என்பது கணக்கு. கோப்பில் 66 கிலோ என்றிருந்தவர் இப்போது 59 கிலோதான். இந்த மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் புதிதாகப் பார்த்த பிறகே 60 மில்லிகிராம் என்று முடிவு செய்தார்கள்.

காத்திருப்பு இருக்கையில் அருகில் இருந்த பெரியவர் ஒருவரும் வார்ஃபாரின் சாப்பிடுபவர். ஆனால் அவருக்கு ஊசி இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டேன். மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. உலோக வால்வு பொருத்தப்படாத, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 1,884 பேரிடம் நடந்த பிரிட்ஜ் ஆய்வு 2015-இல் வெளியானது என்றும், இடைக்கால ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ரத்தக் கட்டி ஏற்பட்ட விகிதம் முறையே 0.3, 0.4 விழுக்காடு என ஏறத்தாழச் சமமாகவே இருக்க, பெரும் ரத்தக் கசிவோ ஊசி போட்டவர்களுக்கு 3.2 விழுக்காடாகவும் போடாதவர்களுக்கு 1.3 விழுக்காடாகவும் இருந்தது என்றும் விளக்கினார். உலோக வால்வு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களிலும் எல்லோருக்கும் ஊசி தேவையில்லை என்ற பக்கமாகவே அண்மைக்கால வழிகாட்டுதல்கள் சாய்கின்றன. எனினும் மிட்ரல் இடத்தில் வால்வும் அதனுடன் துடிப்புக் கோளாறும் சேர்ந்திருக்கும் அம்மா போன்றவருக்கு ஊசியின் பக்கமே தராசு தாழ்கிறது, இது முற்றிலும் தீர்ந்துபோன விவகாரம் அல்ல என்று அவரே சொன்னார். உறுதியில்லாத இடத்தை உறுதியில்லை என்று சொல்லும் மருத்துவரிடம் எனக்கு நம்பிக்கை கூடியது.

புதன்கிழமை ஐ.என்.ஆர். 1.7 வந்தது, 1.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். செவிலியர் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்து, வாய்வழியாக ஒரு மில்லிகிராம் வைட்டமின் கே கொடுக்க ஏற்பாடு செய்தார். அளவு கூடினால், பிறகு வார்ஃபாரினைத் தொடங்கும்போது அது பல நாள் வேலை செய்யாமல் அடம்பிடிக்கும் என்பதால் அந்தச் சிறிய அளவு. வியாழன் காலை 1.3. அறுவை குறித்த நேரத்தில் நடந்தது.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தாளின் மறுபக்கம்தான் வெறுமையாக இருந்தது.

அறுவை நாள் இரவே வழக்கமான அளவில் வார்ஃபாரினும், ரத்தக் கசிவு இல்லையென்றால் 24 மணி நேரம் கழித்து ஊசியும் தொடங்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியே தொடங்கவும் செய்தார்கள். ஊசியை எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பியபோது தந்த மருந்துப் பட்டியலில் வார்ஃபாரின் இருந்தது, ஊசி இல்லை. பிரிவின் தொலைபேசி சனி, ஞாயிறுகளில் ஒலித்துக்கொண்டே இருக்கும், எடுப்பவர் இல்லை. வார்டில் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டதால்தான் ஊசி தொடர்ந்தது. இல்லையென்றால் மூன்றாம் நாளே நிறுத்தியிருப்போம்.

அந்த மூன்றாம் நாள்தான் ஏமாற்றும் நாள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகளில் ஏழாவது காரணி சில மணி நேரத்திலேயே குறைந்துவிடுவதால் ஐ.என்.ஆர். முதலில் ஏறிக்காட்டும்; ஆனால் இன்னொரு காரணியான புரோத்ராம்பின் குறைவதுதான் கட்டியைத் தடுப்பதில் முதன்மையானது, அதற்கு நாட்கணக்கில் ஆகும். எனவே எண் உரிய எல்லையைத் தொட்டு நிலைக்கும் வரை ஊசி வேண்டும். இதைத் திங்களன்று மருந்தாளுநர் அழகாக விளக்கினார். வெள்ளிக்கிழமையே விளக்கியிருந்தால் இரண்டு இரவுகள் தூங்கியிருப்போம். ஆனால் அதே அழைப்பில், வீட்டுக்குத் தந்த மருந்துகளில் மெட்ரோநிடசோல் என்ற கிருமிக்கொல்லி இருப்பதைக் கண்டு, அது வார்ஃபாரினின் வீரியத்தைக் கூட்டும் என்று பரிசோதனையை முன்கூட்டியே வைத்ததும் அவர்தான். அம்மாவின் எண் மூன்றைத் தாண்டி விரைவாக ஏறிக்கொண்டிருந்தது, அளவைக் குறைத்தார்கள்.

இன்னொரு சிறு குறை, அவர்கள் தரும் கையேடு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபாரின், அபிக்சபான் எல்லாவற்றையும் ‘ரத்தம் மெலிய மாத்திரை’ என்ற ஒரே தலைப்பில் அடைத்திருக்கிறார்கள். இவற்றில் எதுவும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. முதலிரண்டும் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பவை, மற்றவை உறைதல் காரணிகளைக் கட்டுப்படுத்துபவை. நிறுத்த வேண்டிய நாட்களும் வேறுவேறு. அண்மையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் இந்தக் கையேட்டைப் படித்துத் தானாகவே மாத்திரையை விட்டுவிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை. அவர் அபிக்சபான் சாப்பிடுகிறார். முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்வதாக இருப்பதால் 72 மணி நேர இடைவெளி வேண்டும் என்று மயக்க மருத்துவர் சொன்னதை, நாங்கள் கேட்பதற்கு முன்பே இந்தப் பிரிவினர் தாளில் சேர்த்திருக்கிறார்கள். இந்த மருந்து உடலை விட்டு விரைவாக நீங்குவதால் அவருக்கு இடைக்கால ஊசியும் கிடையாது. இந்த முறை மறுபக்கத்தையும் நிரப்பித் தரும்படி கேட்டு வாங்கிவிட்டேன். மருந்தைத் தொடங்கும் நாளும் நேரமும் அளவும் அதில் இருக்கின்றன. கீழே, விடுமுறை நாளில் அழைப்பதற்கென்று ஓர் எண்ணைப் பேனாவால் எழுதியிருக்கிறார் மருந்தாளுநர்.