கதையா, களமா, துப்பா: டி அண்டு டி சாகசம் எழுத மூன்று வழிகள்

ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கற்பனை உலகில் உலவும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் (டி அண்டு டி) ஆடத் தொடங்கியவர்களில் பலருக்கு, சிறிது காலத்திலேயே சொந்தமாக ஒரு சாகசத்தை, அதாவது ஆடுவதற்கான கதைக்களத்தை, எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. சண்டையை எப்படிக் கணக்கிடுவது என்பதை விதிநூல் சொல்லிவிடும். ஆனால், நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, அடுத்து என்ன செய்வதென்று தாங்களே தீர்மானிக்கும் ஓர் ஆட்டத்துக்கு எதை முன்கூட்டி எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்ற கேள்விக்கு அந்த நூலில் எளிதில் விடை கிடைக்காது. நிகழ்வுகளை வரிசையாக எழுதுவது, ஓர் இடத்தை எழுதுவது, துப்புகளின் வலையை எழுதுவது என மூன்று மரபுகள் இதற்கு உண்டு. புதிதாக எழுதுபவர் இரண்டாவதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இடத்தை எழுதும் மரபுக்குச் சிறந்த சான்று, டி அண்டு டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி, 1979 இறுதியிலிருந்து அந்த விளையாட்டின் தொடக்கநிலைப் பெட்டியுடன் சேர்த்து விற்கப்பட்ட ‘த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’. ஓர் எல்லைக் கோட்டை, அதற்கு வெளியே காடும் சதுப்பும், சற்றுத் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கின் சரிவுகளில் வரிசையாகக் குகைகள், குகைக்கொரு கூட்டம், இவ்வளவுதான். இன்னது நடந்தபின் இன்னது நடக்கும் என்ற கதைவரிசை அதில் இல்லை. மாறாக, அங்கே வாழ்பவை என்ன செய்யும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. காப்லின்கள் என்னும் குட்டிப் பூதங்களின் குகையில் ஆட்டக்காரர்கள் நுழைந்தால், காவலுக்கு நிற்கும் காப்லின்கள் 250 பொற்காசு கொண்ட ஒரு பையை ரகசியக் கதவின் வழியே பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்னும் அரக்கனிடம் வீசி உதவிக்கு அழைக்கும். இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டே ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) ஒரு மாலைப்பொழுதை ஓட்டிவிடலாம். ஆட்டக்காரர்கள் பையை இடைமறிக்கலாம், ஓகரை முதலில் தீர்த்துக்கட்டலாம், கூடுதல் தொகை தருவதாக அவனிடமே பேரம் பேசலாம். இவற்றில் எது நடந்தாலும் எழுதியவரின் உழைப்பு வீணாவதில்லை.

குறைகளும் உண்டு. அந்தக் கோட்டைவாசிகளுக்குப் பதவி உண்டே தவிர, பெயர்கூடக் கிடையாது, அனுபவமில்லாத டி.எம். அங்கே திணறிப்போவார். எதற்காகக் குகைக்குள் போக வேண்டும் என்ற கேள்விக்கும் புதையல் ஆசையைத் தாண்டி வலுவான பதில் இல்லை. வரைபடம் ஒரே வழியாகச் செல்லுமானால் இடமும் ஒரு வரிசையாகச் சுருங்கிவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெனல் ஜாக்குவேஸ் எழுதி 1979இல் வெளிவந்த ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், பல நுழைவாயில்களும் சுற்றிவந்து சேரும் பாதைகளும் கொண்ட அதன் வரைபடமே.

நிகழ்வு வரிசைக்கு 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் தொடரை எடுத்துக்கொள்ளலாம். டிரேசி ஹிக்மன் முன்னின்று உருவாக்கிய இத்தொடரில், உலகளாவிய போர், முன்னமே வகுக்கப்பட்ட நாயகர்கள், அவர்களுக்குள் காதலும் பகையும் என ஒரு காவியத்துக்கு வேண்டிய எல்லாமே இருந்தன. அதே கதை நாவல்களாகவும் வந்து பெரும் வெற்றி பெற்றது. படிப்பதற்கு இதைவிடச் சுவையான சாகசங்கள் குறைவு. ஆனால் நடத்துவது வேறு விஷயம். பின்னால் தேவைப்படும் ஒரு பாத்திரம் நடுவில் இறக்க நேர்ந்தால், உடல் கிடைக்காத வகையில் அந்தச் சாவை மங்கலாக்கி, பிறகு திரும்பக் கொண்டுவர வழிசெய்யும்படி அந்தச் சாகசமே டி.எம்.மிடம் கேட்டுக்கொள்கிறது. பகடையின் முடிவைக் கதையின் தேவை விழுங்கிவிடுவதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. தண்டவாளத்தை விட்டு விலகவே முடியாத ‘ரெயில்ரோடு’ என்று ரசிகர்கள் ஏசுவது இதைத்தான்.

துப்பு வலையை நேர்த்தியாகக் காட்டியது வேறொரு விளையாட்டு. ‘கால் ஆஃப் கதுலு’ என்ற திகில் விளையாட்டுக்காகக் கயோசியம் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லாதோடெப்’, 1925ஆம் ஆண்டின் நியூயார்க் விடுதி ஒன்றில் நடக்கும் ஓர் எழுத்தாளரின் கொலையிலிருந்து கிளம்புகிறது. அந்த அறையில் கிடைப்பவற்றுள் ஷாங்காய் மதுக்கூடம் ஒன்றின் தீப்பெட்டியும் அடக்கம். லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என விரியும் அந்தக் கதையில் எந்த ஊருக்கு முதலில் போவது என்பது ஆட்டக்காரர்களின் விருப்பம். கதைக்குரிய நோக்கமும் களத்துக்குரிய சுதந்திரமும் ஒருசேர அமைவது இங்கேதான். விலையும் இங்கேதான் அதிகம். அவர்கள் எட்டியே தீர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள் என்பது விளையாட்டு எழுத்தாளர் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் வகுத்த விதி. ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், மற்றொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது டி.எம்.களுக்குப் பழகிப்போன சங்கதி. இவ்விதிப்படி ஐந்து முடிவுகளுக்கே பதினைந்து துப்புகள் வேண்டும்; அவை ஒன்றோடொன்று முரண்படாமலும் இருக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே இதில் இறங்குபவரைத் தடுக்கத்தான் தோன்றுகிறது.

நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டால் கணக்கு மாறும். ஜென் கான் போன்ற விளையாட்டு மாநாடுகளில் முன்பின் அறியாதவர்களோடு நான்கு மணி நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தை முடித்தாக வேண்டுமானால், நிகழ்வு வரிசையே கைகொடுக்கும். அங்கே அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

எழுதியதை வெளியிடும்போதும் இந்த வேறுபாடு தலைகாட்டுகிறது. டி அண்டு டியை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான வாட்டர்டீப் போன்ற கற்பனை நகரங்களையும் அவற்றின் மாந்தர்களையும் நம்பி நிற்கும் கதையை, அந்நிறுவனம் 2016இல் தொடங்கிய டி.எம்.ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் விற்கலாம்; அங்கே எழுதியவருக்குக் கிடைப்பது விலையில் பாதி. தன் காலிலேயே நிற்கும் ஒரு குகைக்கோ கோட்டைக்கோ அந்தப் பெயர்கள் தேவைப்படுவதில்லை. அந்நிறுவனம் கொண்டுவர முயன்ற உரிம மாற்றத்துக்கு ரசிகர்கள் காட்டிய கடும் எதிர்ப்பால், 2023 ஜனவரியில் விளையாட்டின் அடிப்படை விதிகள், எவரும் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் விடப்பட்டதிலிருந்து, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அத்தகைய சாகசத்தை விரும்பிய இடத்தில் விற்க முடிகிறது.

இடம் என்றதும் நூறு அறை கொண்ட பாதாளக் கோட்டையை நினைத்து மலைக்கவும் வேண்டாம். 2009இல் தொடங்கிய ஒரு பக்க டன்ஜன் போட்டிக்கு ரசிகர்கள் அனுப்பியவற்றைப் பார்த்தால், ஒரு வரைபடம், அதில் ஒருவர் பொருள்மீது மற்றவர் கண்வைத்திருக்கும் இரு கூட்டங்கள், ஆட்டக்காரர்கள் தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்ற ஒரு வரி ஆகியவை ஒரே தாளில் அடங்கிவிடுவது தெரியும்.